‘எந்திரிக்கறதே இல்லீங்க’: காப்பீடு இல்லாத ஒரு தையல் தொழிலாளியும் நனைந்த பாயும்

திருப்பூரில் பனியன் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் அடிப்படையில் ஓவர்லாக் தைக்கும் 44 வயது ஆண், 2025 மார்ச் மாதம், நான் வாரத்தில் 2 மாலைகள் நோயாளிகளைப் பார்க்கும் சிறிய அறக்கட்டளை மருத்துவமனைக்கு வந்தார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். இரத்த அழுத்தத்துக்கு 2 ஆண்டுகளாக மாத்திரை எடுத்துக்கொள்கிறார், பகலில் அசதி, வாய் வறட்சி, தாகம். கேட்க வேண்டிய வழக்கமான கேள்விகளில் ஒன்றாக, இரவில் சிறுநீர் கழிக்க எத்தனை முறை எழுகிறீர்கள் என்று கேட்டேன். “எந்திரிக்கறதே இல்லீங்க டாக்டர்” என்றார். நோயாளிக் குறிப்பில் ‘இரவில் சிறுநீர்: 0’ என்று எழுதிவிட்டு, வெறும் வயிற்றில் வந்து இரத்தம் கொடுக்கும்படி சொல்லி அனுப்பினேன்.

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வாரத்தில் 4 அல்லது 5 இரவுகள் பாயிலேயே சிறுநீர் போய்க்கொண்டிருந்த மனிதர் எதற்காக எழுவார்? 14 மாதங்களாக யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் இருந்ததை, நான் கேட்ட கேள்வியே இன்னும் வசதியாக மறைத்துக்கொள்ள இடம் கொடுத்துவிட்டது. மூன்று வாரம் கழித்து இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கிப்போக அவருடைய மனைவி தனியாக வந்தார். முடிவைச் சொல்லி முடித்த பிறகும் அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. “அவரு எந்திரிச்சாத்தானுங்களே? எந்திரிக்காமயே பாயெல்லாம் நனைஞ்சு போகுதுங்க. நான் சொன்னேன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க” என்றார். இந்த ஆய்வு அங்கிருந்துதான் தொடங்குகிறது. அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றி, இருவரின் சம்மதத்துடன் எழுதுகிறேன்.

வீட்டுக்குள் நடந்தது

அவர்கள் இருப்பது லைன் வீடு. ஒரே அறை, ஒரு சமையல் திட்டு, 6 குடித்தனங்களுக்குப் பொதுவாக 2 கழிப்பறைகள், வாசலில் ஓர் உப்புத்தண்ணீர்த் தொட்டி, எல்லோருக்கும் ஒரே கொடிக்கயிறு. இத்தகைய இடத்தில் நனைந்த போர்வை என்பது மருத்துவச் சிக்கலாவதற்கு முன்பே மானச் சிக்கலாகிவிடுகிறது. தொட்டியடியில் ஆள் சேர்வதற்கு முன், அதிகாலை 4 மணிக்கு மனைவி போர்வையை அலசிவிடுவார். காயப்போடுவது மட்டும் மறைக்க முடியாத வேலை. தினமும் போர்வை துவைக்கும் வீடு என்று பக்கத்துக் குடித்தனங்கள் கேலி பேசத் தொடங்கியதும், மகளுக்கு அலர்ஜி, தூசி ஆகாது என்று ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டார்கள். இலவம்பஞ்சு மெத்தையை ஓர் இரவில் தூக்கிப்போய் எறிந்தாயிற்று. அதற்குப் பதிலாகக் கோரைப்பாய்; பாய்க்கு மேல், தேர்தல் முடிந்து கிழித்துப்போட்ட ஃபிளெக்ஸ் பேனரை மடித்து ஒன்று; அதற்கு மேல் மனைவியின் பழைய பருத்திச் சேலை நான்காக மடித்தது; அதற்கும் மேல் போர்வை. கடைகளில் விற்கும் ரப்பர் ஷீட்டைவிட இந்த ஏற்பாடு மோசமில்லை என்பது என் கருத்து. ஃபிளெக்ஸ் தண்ணீரை விடாது, ஈரத்துணியால் துடைத்தால் போதும், கிழிந்தால் இன்னொன்று கிடைக்கும்.

மனைவியும் மகளும் அறையின் மறுகோடிக்குப் படுக்கையை மாற்றிக்கொண்டார்கள். திண்டுக்கல் பக்கத்துச் சொந்த ஊரில் மாசித் திருவிழாவுக்கு 2 ஆண்டுகளாக அவர் போகவில்லை. உறவினர் வீட்டில் படுக்க வேண்டும் என்பதால் மட்டும்தான். ஊரிலோ அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். சிறுவயதில் 7 வயதுவரை பாய் நனைந்ததுண்டு, அதன் பிறகு 35 ஆண்டுகளுக்கு மேல் எந்தத் தொந்தரவும் இல்லை.

இந்தக் கடைசி விவரம் முக்கியமானது. சிறுவயதிலிருந்து விடாமல் தொடர்வது ஒரு வகை. குறைந்தது 6 மாதமாவது முழுதாக நின்றிருந்து பிறகு திரும்ப வருவது இன்னொரு வகை. முதல் வகையில் குடும்ப வழி, சிறுநீர்ப்பையின் இயல்பு, இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோன் போதாமை ஆகியவற்றை யோசிக்கிறோம். நடுவயதில் புதிதாகத் தொடங்குவதற்குப் பின்னால் பெரும்பாலும் இன்னொரு நோயோ ஒரு மாத்திரையோ இருக்கும். பெரியவர்களில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு இந்தத் தொல்லை உண்டு என்று வெவ்வேறு நாடுகளின் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. திருப்பூர் போன்ற ஓர் ஊரில் அது சில ஆயிரம் பேராவது ஆகும். அத்தனை பேரும் என்னைப் போன்ற மருத்துவர்களிடம் ‘எழுவதே இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருக்கக்கூடும்.

எங்களிடம் வரும் முன் செலவானது

தனியார் சிறுநீரியல் மருத்துவரை அவர் யாருக்கும் தெரியாமல் 3 முறை பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் 600 ரூபாய் ஆக 1,800. வயிற்று ஸ்கேன் 1,200. சிறுநீர்க் கல்ச்சரும் புராஸ்டேட் இரத்தப் பரிசோதனையும் சேர்த்து 1,900. சிறுநீர் வேகம் அளக்கும் பரிசோதனை 1,000. சிறுநீர்ப்பையின் இறுக்கத்தைத் தளர்த்தும் சாலிஃபெனாசின் மாத்திரையை 5 மாதம் வாங்கியதில் 4,500. தெரிந்தவர் ஒருவர் சொன்ன லேகியத்துக்கு 2,400. எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை பெரியவர்களுக்கான டயப்பருக்கு: இரவுக்கு ஒன்று, ஒன்று ஏறக்குறைய 40 ரூபாய், மாதம் 1,200 வீதம் 11 மாதங்களுக்கு 13,200. மொத்தம் 26,000 ரூபாய். அவருடைய வாரக்கூலி ஒன்றரை ஷிப்ட் ஓடினால் 4,500 ரூபாய் அளவில் வரும். அந்த 26,000 அவருடைய 6 வாரச் சம்பளம். இவற்றுக்கு அப்பால் முதுகுத்தண்டு எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லி 7,500 ரூபாய் கேட்டிருக்கிறார்கள். பணம் இல்லாததால் அதை விட்டுவிட்டு, அந்த மருத்துவரிடம் போவதையும் விட்டுவிட்டார்.

அந்தச் செலவு முழுவதும் வீண் என்று சொல்ல மாட்டேன். சிறுநீர் கழித்த பின் பையில் எவ்வளவு தங்குகிறது என்பது ஸ்கேனில் பதிவாகியிருந்தது: 30 மில்லி. பை நன்றாகக் காலியாகிறது, நிரம்பி வழியும் நிலை இல்லை என்பதை அந்த ஒரு வரி சொல்லிவிட்டது; நான் மறு ஸ்கேன் எழுதவில்லை. காப்பீடு இல்லாதவருக்கு மருத்துவர் செய்யக்கூடிய முதல் உதவி, அவர் ஏற்கனவே பணம் கட்டி வாங்கிய காகிதங்களைப் பொறுமையாகப் படிப்பதுதான். மாத்திரை விஷயம் வேறு. சாலிஃபெனாசினின் நன்கறிந்த பக்கவிளைவு வாய் வறட்சி. நாக்கு ஒட்டுகிறது என்று தையல் மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு லிட்டர் பாட்டிலை வைத்துக்கொண்டு மாலை முழுவதும் குடித்திருக்கிறார், வீடு திரும்பிய பின்பும் குடித்திருக்கிறார். படுக்கை நனையாமலிருக்க விலை கொடுத்து வாங்கிய மாத்திரையே, படுக்கையை நனைக்கும் தண்ணீரை அவர் கையில் எடுத்துக் கொடுத்தது. எங்களிடம் தாகம் என்று சொன்னதும், எனக்குச் சர்க்கரை நோயின் சந்தேகம் வந்ததும் இதனால்தான்.

நோட்டும் தராசும்

மனைவி சொன்னதைக் காட்டிக்கொடுக்காமல் அவரை மறுபடி வரவழைக்க வேண்டியிருந்தது. இரத்த அழுத்த மாத்திரையைச் சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி அழைத்தோம், அது உண்மையும்கூட. இந்த முறை கேள்வியை மாற்றினேன்: “இந்த வயசுல சில பேருக்குத் தூக்கத்துலயே யூரின் போயிடுது. பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்ககிட்ட நான் கேக்கறதுண்டு. உங்களுக்கு அப்படி ஏதாவது?” அவர் தரையைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் இருந்துவிட்டு, பின் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னார், தேதிகள் உட்பட.

உடனடி ஆபத்துக்கான அறிகுறிகளை முதலில் விலக்க வேண்டும். கால் பலவீனம், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போதல், மலம் கட்டுக்கடங்காமை ஆகியவை சேர்ந்து வந்தால் தண்டுவட நரம்புகள் நசுங்கியிருக்கலாம். அன்றே பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை அது. நாக்கைக் கடித்த காயத்தோடும் உடம்பு வலியோடும் காலையில் விழிப்பவருக்கு இரவில் வலிப்பு வந்திருக்கலாம். அடிவயிறு வீங்கிச் சொட்டுச் சொட்டாகப் போவது அடைப்பின் அடையாளம். சிறுநீரில் இரத்தம் தெரிந்தால் தள்ளிப்போடக் கூடாது. இவருக்கு இவற்றில் எதுவும் இல்லை. தொடு உணர்வும் அனிச்சைச் செயல்களும் இயல்பாக இருந்தன, புராஸ்டேட் பெருக்கவில்லை. எம்ஆர்ஐ தேவையில்லை என்று அவரிடம் சொன்னபோது அவருடைய தோள்கள் தளர்ந்ததைப் பார்த்தேன். அந்த 7,500 ரூபாய் அத்தனை மாதமும் அவர் தலைமேல் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சிறுநீரில் சர்க்கரையோ கிருமியோ இல்லை. மூன்று மாதச் சராசரி சர்க்கரை 6.1, அதாவது எல்லையோரம். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் 0.9, சோடியம் 138, இரண்டும் இயல்பு. இரத்த அழுத்தம் மட்டும் 150/94, இரு கணுக்கால்களிலும் விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கம்.

அடுத்து அவருக்குக் கொடுத்தது 40 ரூபாய்க்கு வாங்கிய அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் மக்கும், எங்கள் மருத்துவமனையிலிருந்து இரவலாக ஒரு சமையலறை மின்தராசும். மூன்று நாள் குடிப்பதையும் கழிப்பதையும் நேரத்தோடு எழுத வேண்டும். உறக்கத்தில் போவதை எப்படி அளப்பது என்று கேட்டார். உலர்ந்த டயப்பரின் எடையை நனைந்த டயப்பரின் எடையிலிருந்து கழித்தால், ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லி. துணியின் ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்று எடை போட்டுப் பார்க்கும் ஊரில் பிழைப்பவருக்கு இதை விளக்க அரை நிமிடம் போதுமாக இருந்தது.

அவர் திரும்பக் கொண்டுவந்தது புது நோட்டல்ல, சட்டைப்பையில் வைத்திருக்கும் பீஸ் கணக்கு நோட்டு. இடப்பக்கம் அன்று தைத்த பீஸ்களின் எண்ணிக்கையும் ரேட்டும். வலப்பக்கம் அதே நுணுக்கமான கையெழுத்தில் மணியும் மில்லியும். முதல் இரவு: டயப்பர் உலர்ந்தது 85 கிராம், நனைந்தது 705, வித்தியாசம் 620. காலை எழுந்ததும் கழித்தது 530. ஆக இரவுக் கணக்கு 1,150 மில்லி, 24 மணி நேரக் கணக்கு 2,250. அடுத்த இரவுகளில் 2,400-க்கு 1,300, 2,050-க்கு 980. மூன்று நாளும் ஏறத்தாழப் பாதிச் சிறுநீர் உறங்கும் நேரத்தில் உற்பத்தியாகியிருக்கிறது. இளம் வயதில் இது ஐந்தில் ஒரு பங்குக்குள்ளும், 65 வயதைத் தாண்டியவர்களில் மூன்றில் ஒரு பங்குக்குள்ளும் இருக்க வேண்டும். பகலிலோ அவர் ஒரு தடவைக்கு 400 மில்லிவரை தாராளமாக அடக்கிக் கழித்திருக்கிறார்.

சிறுநீர்ப்பையில் கோளாறில்லை என்பது இதிலிருந்து தெளிவாயிற்று. 400 மில்லி கொள்ளும் பைக்கு 1,150 மில்லியை அனுப்பினால் ஒன்று அவர் இருமுறை விழிக்க வேண்டும், இல்லையேல் பாய் நனைய வேண்டும். 14 மாதங்களாக வைத்தியம் நடந்தது பைக்கு. கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இரண்டு. இரவில் சிறுநீரகம் ஏன் இவ்வளவு சுரக்கிறது? பை முட்டும்போது மனிதர் ஏன் விழிக்கவில்லை?

இரண்டு கேள்விகளுக்கு விடை

முதற்பாதி விடை அவருடைய கணுக்காலில் இருந்தது. இரத்த அழுத்தத்துக்கு அவர் எடுத்துவந்தது அம்லோடிபின் 10 மில்லிகிராம். நல்ல மாத்திரை, மலிவான மாத்திரை. ஆனால் முழு அளவில் பலருக்குக் காலில் நீர் கோக்கும். பெடலில் காலை வைத்தபடி 11 அல்லது 12 மணி நேரம் உட்கார்ந்திருப்பவருக்கு இன்னும் அதிகம். பகலெல்லாம் காலில் தேங்கிய நீர், படுத்தவுடன் இரத்த ஓட்டத்துக்குத் திரும்புகிறது, சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. இதோடு மாலையில் குடித்த ஒரு லிட்டரும், இரவுச் சாப்பாட்டோடு ஒரு சொம்பு மோரும் சேர்ந்துகொண்டன.

மறுபாதி விடை மனைவியிடம் இருந்தது. இந்த முறை அவரையும் உள்ளே அழைத்து உட்காரவைத்தோம். குறட்டை எப்படி என்றேன். “லைன்ல மூணாவது வீடு வரைக்கும் கேக்குமுங்க. அதுகூடப் பரவாயில்லீங்க. நடுவுல சத்தமே நின்னு போகும், நான் எந்திரிச்சு மூச்சு வருதான்னு பாப்பேன்” என்றார். கழுத்துச் சுற்றளவு 43 சென்டிமீட்டர். உயரம் 168, எடை 93 கிலோ, பிஎம்ஐ ஏறத்தாழ 33. பகலில் கண் அசருகிறதா என்று கேட்டதற்கு, வலது கை ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினார்: நகத்துக்குப் பக்கத்தில் இரண்டு கறுத்த புள்ளிகள். கடந்த ஓராண்டில் இருமுறை மிஷின் ஊசி விரலில் ஏறியிருக்கிறது, இரண்டும் மதியச் சாப்பாட்டுக்குப் பின். உறக்க மூச்சுத்தடையைச் சந்தேகிக்கப் பயன்படுத்தும் 8 கேள்விகளில் அவருக்கு 6 பொருந்தின. 5 அல்லது அதற்கு மேல் என்றாலே வாய்ப்பு அதிகம்.

மூச்சுத்தடைக்கும் நனைந்த பாய்க்கும் என்ன தொடர்பு என்பது நோயாளிகளுக்கு மட்டுமல்ல, மருத்துவர்களில் பலருக்கும் உடனே தோன்றுவதில்லை. தொண்டை அடைபட்ட நிலையில் மார்பு மூச்சை இழுக்க முயலும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் சரிந்து, வழக்கத்தைவிட அதிகமான இரத்தம் இதயத்துக்குள் உறிஞ்சப்படுகிறது. மேலறை விரிகிறது. உடம்பில் நீர் அளவுக்கு மீறிவிட்டது என்று இதயம் தப்பாகக் கணக்குப் போட்டு, உப்பையும் நீரையும் வெளியேற்றச் சொல்லும் ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீரகம் அந்த உத்தரவுக்குப் பணிகிறது. அதே நேரம், இரவு முழுக்கத் துண்டு துண்டாகச் சிதைந்த உறக்கத்தில் களைத்துப்போன மூளை, பை முட்டும் செய்தியைக் கேட்டு விழிக்கத் தவறுகிறது.

வழிகள், அவற்றின் விலைகள்

இரவுச் சிறுநீரைக் குறைக்கும் டெஸ்மோபிரசின் என்ற மருந்து உண்டு. அதைக் கேள்விப்பட்டு அவரே கேட்டார். அதை எழுதியிருந்தால் அந்த மாதமே பாய் உலர்ந்திருக்கக்கூடும். நான் எழுதவில்லை. அதை எடுப்பவர் மாலைக்குப் பின் தண்ணீரைக் கட்டுப்படுத்தாவிட்டால் இரத்தத்தில் சோடியம் சரிந்து தலைவலி, குழப்பம், வலிப்புவரை போகும். தொடங்கிய முதல் வாரத்திலும் மாத முடிவிலும் சோடியம் பார்த்தாக வேண்டும். நாள் முழுக்கப் பாட்டிலும் கையுமாக இருப்பவருக்கு, அடங்காத இரத்த அழுத்தத்தோடு, உண்மையான காரணம் தொண்டையில் இருக்கும்போது, மாதாமாதம் கைப்பணம் கேட்கும் அந்த மருந்து பொருத்தமில்லை என்று முடிவு செய்தேன். மதியம் 3 மணி வாக்கில் நீர்போக்கும் மாத்திரை கொடுத்து, படுப்பதற்கு முன்பே காலின் நீரை வடித்துவிடுவது இன்னொரு வழி. புத்தகப்படி சரியான வழி. ஆனால் பீஸ் ரேட்டில் தைப்பவர் மாலையில் 4 முறை கழிப்பறைக்கு எழுந்து போனால் அது அவருடைய கூலியிலிருந்து போகிறது. அதையும் விட்டோம்.

செய்தவை இவ்வளவுதான். சாலிஃபெனாசின் நிறுத்தப்பட்டது, ஒரு வாரத்தில் வாய் வறட்சி போய் பாட்டிலும் மிஷினடியிலிருந்து போய்விட்டது. அம்லோடிபினுக்குப் பதிலாக, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கும் எனலாப்ரிலுக்கு மாற்றினோம். இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்த்தோம். வீடு தேடி வந்து மாத்திரை தரும், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தில் அவர் பெயரைச் சேர்த்ததால், இரத்த அழுத்த மாத்திரைக்குக் கடையில் கொடுத்துவந்த பணம் மிச்சம். மோர் மதியத்துக்கு மாறியது. இரவு 7 மணிக்குப் பின் அரை டம்ளருக்கு மேல் தண்ணீர் இல்லை. வேலை முடிந்து வந்ததும் சுவரில் காலைத் தூக்கி வைத்து ஒரு மணி நேரம் படுத்திருந்து, சிறுநீர் கழித்துவிட்டுத் தூங்க வேண்டும். மல்லாந்து படுக்காமலிருக்க, பழைய பனியனின் முதுகுப்பக்கம் பை தைத்து அதில் ஒரு பந்தை வைத்துக்கொள்ளச் சொன்னேன். தையல்காரருக்கு இதைச் சொல்வது சுலபம். மறுநாளே தைத்து, மகளின் டென்னிஸ் பந்து அதற்குள் போய்விட்டது. மூன்று வாரத்தில் நனையும் இரவுகள் 4, 5 என்பதிலிருந்து 2-ஆகக் குறைந்தன.

டயப்பர் பற்றியும் பேச வேண்டியிருந்தது. தினமும் கட்டியதால் தொடை இடுக்கில் புண். நனைவது குறைந்த பின், ஃபிளெக்ஸும் சேலையும் கொண்ட ஏற்பாட்டையே முதன்மையாக வைத்துக்கொண்டு, டயப்பரை அசதி மிகுந்த ஷிப்ட் இரவுகளுக்கு மட்டும் என்று ஒதுக்கினோம். புண்ணுக்கு ஜிங்க் ஆக்சைடு களிம்பு, காலையில் வெறும் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்துவது. மாதச் செலவு 1,200-லிருந்து 300-க்கு இறங்கியது. 2025 செப்டம்பர் 22 முதல் இவ்வகை டயப்பர்களுக்கான ஜிஎஸ்டி 12 விழுக்காட்டிலிருந்து 5-ஆகக் குறைந்தது நல்லதுதான். தேவையில்லாத டயப்பரைக் குறைப்பது அதைவிட அதிகம் மிச்சப்படுத்தியது.

உறக்கப் பரிசோதனையை அரசு மருத்துவமனை ஒன்றின் நெஞ்சக நோய்ப் பிரிவில் செய்துகொள்ள 7 வாரம் காத்திருக்க நேர்ந்தது. தனியாரில் உடனே நடந்திருக்கும், பணம் இருந்திருந்தால். முடிவு: மணிக்கு 38 முறை மூச்சுத் தடை, 30-ஐத் தாண்டினாலே தீவிரம். ஆக்சிஜன் அளவு ஒரு கட்டத்தில் 76 விழுக்காடுவரை இறங்கியிருந்தது. மூக்குக் கவசம் வழியே காற்றை அழுத்தமாகச் செலுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபேப் கருவிதான் இதற்கு உரிய சிகிச்சை. அதன் விலை அவருக்குச் சொல்லப்பட்டது 32,000 ரூபாய்.

காப்பீடு என்ற சொல் இந்த இடத்தில்தான் அவருடைய கதையில் கனக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். அவருடைய கூலியும், பிசிறு வெட்டும் வேலைக்குப் போகும் மனைவியின் கூலியும் சேர்ந்தால் அது இருமடங்கைத் தாண்டிவிடும். குறைத்து எழுதி வருமானச் சான்று வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் முன்வந்திருக்கிறார்; இவர் பயந்து மறுத்துவிட்டார். அட்டை கிடைத்திருந்தாலும் அது முதன்மையாக மருத்துவமனையில் சேர்ந்து பெறும் சிகிச்சைகளுக்கானது. அவர் 26,000 ரூபாயைக் கரைத்தது முழுவதும் வெளிநோயாளியாக. தனியார் பாலிசி இப்போது எடுத்தால், ஏற்கனவே உள்ள நோய்க்கு 36 மாதம்வரை காத்திருக்கச் சொல்லலாம். 2024 ஏப்ரலுக்கு முன் அது 48 மாதம்.

வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் மாத்திரைக்கும் குடும்பத்துக்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் ஒரே ஏற்பாடு, தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. அவர் அதற்குச் சட்டப்படி உரியவர். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடம், மாதச் சம்பளம் 21,000-க்குள். தொழிலாளி தர வேண்டியது 0.75 விழுக்காடு, முதலாளி 3.25. மாதம் 18,000 சம்பாதிக்கும் அவருக்குப் பிடித்தம் 135 ரூபாய்தான் வரும். கான்ட்ராக்டர் அவரைப் பதிவேட்டில் காட்டவில்லை, அவ்வளவே. பீஸ் ரேட் ஆட்களுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது என்று அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அது உண்மையல்ல. கேட்டால் அடுத்த வாரம் ஆர்டர் இல்லை என்று நிறுத்திவிடுவார்கள் என்று அவர் சொன்னது உண்மை. மருத்துவரான நான் இந்த இரண்டாவது உண்மைக்கு மருந்து எழுத முடியவில்லை. ஒரு தொழிற்சங்க அலுவலகத்தின் முகவரியை எழுதிக் கொடுத்தேன், நோட்டில் வைத்துக்கொண்டார்.

கருவிக்கு அட்வான்ஸ் தர கான்ட்ராக்டர் ஒப்புக்கொண்டார். வாங்க வேண்டாம் என்றேன். என் வேலையைத் தாண்டிய அறிவுரைதான். அட்வான்ஸ் வாங்கியவர் இ.எஸ்.ஐ. பற்றி வாய் திறக்க முடியாது, வேறு கம்பெனிக்கும் போக முடியாது. முதலில் 3,000 ரூபாய் கொடுத்து ஒரு மாதம் கருவியை வாடகைக்கு எடுத்துப் பார்த்தார்கள். விலை கொடுத்து வாங்கிய பின் முகத்தில் கவசம் ஒத்துவராமல் மூலையில் கிடக்கும் கருவிகளை நிறையப் பார்த்திருப்பதால், இந்தச் சோதனை மாதத்தை நான் கட்டாயமாக்குவதுண்டு. முதல் வாரம் அவர் நடு இரவில் கவசத்தைக் கழற்றி எறிந்தார். இரண்டாம் வாரத்தில் வார்ப்பட்டையைத் தளர்த்தி, கன்னத்தில் அழுந்தும் இடத்துக்குப் பனியன் துணியில் சிறு உறை தைத்துக்கொண்டார். அந்த மாதத்தின் கடைசி 16 இரவுகளில் பாய் நனையவில்லை. அந்த 16 இரவுகளில் 5 முறை அவராகவே விழித்து எழுந்து வெளியே போய்வந்திருக்கிறார். நோட்டில் அந்த 5 இடங்களையும் வட்டமிட்டிருந்தார்.

கருவிக்கான பணம் மனைவியின் மகளிர் சுய உதவிக் குழுவிலிருந்து வந்தது. நூற்றுக்கு மாதம் 1 ரூபாய் வட்டி, 24 தவணை. குழுவில் காரணம் கேட்டார்கள். “வீட்டுக்காரருக்கு மூச்சுத் திணறல்” என்று சொன்னேன் என்றார். அதில் பொய் எதுவும் இல்லை.

ஏழு மாதம் கழித்து

கடைசியாக வந்தபோது எடை 88 கிலோ, இரத்த அழுத்தம் 132/84, கணுக்காலில் வீக்கம் இல்லை. மின்தடை வந்து கருவி நின்ற 2 இரவுகளிலும், ஊர்ப் பேருந்தில் திரும்பி அசந்து அதை மாட்டாமல் படுத்த ஓர் இரவிலும் பாய் நனைந்தது. மற்ற இரவுகளில் இல்லை. ஃபிளெக்ஸை இன்னும் எடுக்கவில்லை, எடுக்கச் சொல்லி நானும் வற்புறுத்தவில்லை. மனைவியும் மகளும் படுக்கையை அறையின் இந்தப் பக்கத்துக்கு மாற்றிக்கொண்டார்கள். கருவியின் இரைச்சல் குறட்டையைவிடக் குறைவு என்பது மகளின் தீர்ப்பு. விரலில் புதிதாக ஊசி ஏறவில்லை. எனலாப்ரில் சிலருக்குத் தரும் வறட்டு இருமல் இவருக்கு லேசாகத் தொடங்கியிருக்கிறது. இரவில் இருமினால் கவசம் நிற்காது என்பதால், அடுத்த முறை மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம்.

எங்கள் நோயாளிப் படிவத்தில் ‘இரவில் எத்தனை முறை எழுகிறீர்கள்’ என்ற வரிக்குக் கீழே ‘எழாமலேயே போய்விடுவதுண்டா’ என்று இன்னொரு வரியை அச்சிட்டிருக்கிறோம். அந்த வரிக்கு ஆம் என்று பதில் வந்த அடுத்த நோயாளி 61 வயதுப் பெண்.

இ.எஸ்.ஐ. எண் இன்னும் வரவில்லை. முகவரிச் சீட்டு நோட்டிலேயே இருக்கிறது. குழுக் கடனில் இன்னும் 17 தவணைகள் பாக்கி.